பதினொரு பிழைகள்

மக்கள் அந்த நோய்க்கு வெண்படலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு பூஞ்சை. ஆஸ்பத்திரிகளுக்குள் மட்டுமே வாழ்ந்தது. வேறு ஏதோ காரணத்துக்காகப் படுத்திருப்பவர்களின் தொண்டையில் முதலில் மெல்லிய வெள்ளைப் படலமாக இறங்கும். நாலைந்து நாளில் நுரையீரலுக்குப் போகும். பத்தாம் நாள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். இருந்த நான்கு மருந்துகளும் ஒவ்வொன்றாக அதனிடம் தோற்றுப்போயிருந்தன. கால் உடைந்தவர்கள்கூட ஆஸ்பத்திரியில் சேரப் பயந்து, வலியோடு வீட்டிலேயே கிடந்த காலம் அது.

செண்பகவல்லிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். அவள் கையால் சோதனைக் குழாயைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. வேலை முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களின் மரபணுக்களை வரிசையாக அடுக்கி, எது யாருக்கு எவ்வளவு நெருக்கம், எந்தக் கிளை எப்போது பிரிந்தது, பிரிந்தபோது எதைத் தொலைத்தது என்று கண்டுபிடிக்கும் ஒரு ப்ரோக்ராமை அவள் எழுதியிருந்தாள். நிலையத்தில் எல்லோரும் அதை ‘மரம்’ என்றே சொல்வார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அவளிடம் நேரடியாகக் கேட்டார். “பாக்டீரியாவுக்கு நூறு மருந்து இருக்கு. பூஞ்சைக்கு மட்டும் ஏன் நாலே நாலு?”

“பூஞ்சை நமக்குச் சொந்தக்காரங்க சார். செடிகொடியைவிட நெருங்கின சொந்தம். நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடி அதுக்கும் நமக்கும் ஒரே மூதாதை. அதனால அதோட உடம்புல எந்தப் பாகத்தைக் குறிவெச்சாலும் அதே மாதிரி ஒண்ணு நம்ம உடம்புலயும் இருக்கும். அதைக் கொல்ற விஷம் நம்மையும் கொல்லும்.”

“அப்போ வழியே இல்லையா?”

“அதுக்கு இல்லாம முடியாது, நமக்கு இல்லவே இல்லை. அப்படி ஒண்ணைத் தேடணும். தேடினேன். ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருக்கு.”

அது ஒரு என்சைம். பூஞ்சைக் குடும்பத்தில் ஒரு கிளைகூட அதைக் கைவிட்டதில்லை. அது இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகும், இரண்டாம் கட்டத்தில் அந்த நஞ்சு சாதுவான வேறொன்றாக மாறும். இரண்டாவது கட்டத்தை மட்டும் தடுத்தால் பூஞ்சை தன் நஞ்சிலேயே செத்துப்போகும். குரங்குகளிடமும் இந்த என்சைம் உண்டு. மனிதர்களிடம் இல்லை. சில லட்சம் வருஷங்களுக்கு முன்பு ஒரே ஓர் எழுத்து மாறியதில் அந்த ஜீன் செத்துவிட்டது.

“செத்துப்போச்சுன்னா?”

“ஜீன் கிடக்கும். வேலை செய்யாது. கம்பி அறுந்த சுவிட்ச் மாதிரி.”

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் வெலாரின் என்ற மருந்து பிறந்தது. வேதியியல்காரர்கள் இரண்டு வருஷம் உழைத்தார்கள். மூன்றாம் வருஷம் மருந்து வார்டுகளுக்கு வந்தது. வெண்படலம் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் எழுந்து நடந்தார்கள். செண்பகவல்லியின் படம் பத்திரிகைகளில் வந்தது. கோவில்பட்டியில் அவள் அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். அடுத்த கட்டமாக, நோய் வருமுன் காக்க, பூஞ்சை வார்டுகளில் வேலை செய்யும் நர்ஸுகளுக்கும் ஊழியர்களுக்கும் பத்து நாள் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் தவணையில் இரண்டாயிரத்து நானூறு பேர்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் பிளாஸ்டிக் கோப்போடு ஒருவர் நிலையத்தின் வரவேற்பறையில் வந்து நின்றார். பெயர் ததேயுஸ். கன்னியாகுமரிப் பக்கம் சவரித்துறை என்ற கடற்கரை ஊர். படகு எஞ்சின் மெக்கானிக்.

“இந்த மாத்திரையக் கண்டுபிடிச்சது நீங்களாக்கும்னு சொன்னாங்க.”

“நான் மட்டும் இல்லைங்க. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “எனக்க வீட்டுக்காரி ஜெர்லின் நர்ஸு. நாகர்கோவில்ல பூஞ்சை வார்டுல ரெண்டு வருஷமா நிக்கா. கூட வேலை பார்த்த நாலு பேருக்கு வெண்படலம் வந்துது. இவளுக்கு ஒரு இருமல்கூட வரல்ல. மாத்திரை தின்னு ஏழாம் நாள் காதுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி இருக்குன்னா. ஒம்பதாம் நாள் காது போச்சு. ரெண்டும். ஆஸ்பத்திரியில வேற காரணமா இருக்கும்னு எழுதித் தந்தாங்க. என்ன காரணம்னு மட்டும் எழுதல்ல.”

செண்பகவல்லி கோப்பை வாங்கிப் புரட்டினாள்.

“நான் எஞ்சின் பாக்குறவன் மேடம். ஓடிட்டிருந்த எஞ்சின் நின்னா, கடைசியா எதைத் தொட்டோமோ அதைத்தான் முதல்ல திறந்து பார்ப்போம். நீங்க அதைத் திறந்து பார்க்கணும்.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒருவேளை சத்தம் போட்டிருந்தால் அவள் புகார்ப் பிரிவின் அறையைக் காட்டிவிட்டு உள்ளே போயிருப்பாள். அன்றைக்கே நாகர்கோவிலுக்குச் சொல்லி ஜெர்லினின் எச்சில் மாதிரியை வரவழைத்தாள். புதன்கிழமை அதை மரத்தில் ஏற்றினாள்.

மாறியிருக்க வேண்டிய அந்த ஓர் எழுத்து மாறாமல் இருந்தது. ஜெர்லினிடம் அந்த ஜீன் சாகவில்லை. குரங்குக்கு வேலை செய்வதுபோலவே வேலை செய்துகொண்டிருந்தது. குரங்கின் உடம்பில் அது எங்கெங்கே வேலை செய்கிறது என்று பார்த்தாள். தொண்டையின் உட்பூச்சில் ஓரளவு, உள்காதின் செல்களில் கொஞ்சம். மருந்து அவள் உடம்பில் செய்ததும் பூஞ்சையின் உடம்பில் செய்வதையேதான். தொண்டைச் செல்கள் செத்தால் ஒரு வாரத்தில் புதிதாக முளைத்துவிடும். காதுச் செல்கள் முளைப்பதில்லை.

இது எப்படித் தப்பியது? மனிதர்களில் யாருக்காவது அந்த ஜீன் உயிரோடு இருக்கிறதா என்று மூன்று வருஷத்துக்கு முன்பே பத்து லட்சம் பேரின் மரபணுக்களில் தேடியிருந்தாளே. பழைய பதிவுகளைத் திறந்தாள். இருந்தது.

*மனிதர்கள்: பத்து லட்சம். ஜீன் உயிரோடு: 11. எழுத்தைப் படித்ததில் பிழை இருக்கலாம். நீக்கவா?*

கீழே ‘ஆம்’ என்ற பதில். அதற்குப் பக்கத்தில் அவள் பெயர். நேரம் காலை பதினொன்று இருபது.

அந்தக் காலை அவளுக்கு நினைவில்கூட இல்லை. அவசரமாக இருந்தாளா, யாருடனாவது பேசிக்கொண்டிருந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. பத்து லட்சத்தில் பதினொன்று என்றால் இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் ‘ஆம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படி நினைத்தபோது ஆறுதலாக இருக்கவில்லை, இன்னும் கூடுதலாக மனம் கலங்கியது.

நிலைய இயக்குநர் நாச்சியப்பன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “ஒரு ஆள், செண்பகா,” என்றார்.

“பதினோரு பேர் சார். இந்தம்மாவைச் சேர்த்தா பன்னிரண்டு. அது எனக்குத் தெரிஞ்ச பன்னிரண்டு.”

“மருந்தை நிறுத்தினா வாரத்துக்கு எத்தனை பேர் போவாங்க?”

“நூறு பேருக்கு மேல.”

“என் அண்ணன் இந்த மருந்தாலதான் இன்னைக்கு நடமாடறார். அதுக்காகச் சொல்லலை. ஆனா அதை மறந்துட்டும் என்னால முடிவெடுக்க முடியலை. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க.”

“நோய் வந்தவங்களுக்கு நிறுத்த வேண்டாம். ஆனா முதல் நாளே எச்சில் எடுத்துடணும். ஜீன் உயிரோட இருந்தா உடனே நிறுத்திடலாம், ஏழு நாள் அவகாசம் இருக்கு. நல்லா இருக்கிறவங்களுக்குக் கொடுக்கிறதை இன்னைக்கே நிறுத்தணும். அப்புறம், நான் அழிச்சதை நான்தான் வெளியில சொல்லணும்.”

“அதைச் சொன்னா உங்களை இங்க வெச்சிருக்க முடியாமப் போகலாம்.”

“தெரியும் சார்.”

நாச்சியப்பன் அன்று மதியமே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செண்பகவல்லி பிழைநீக்கும் பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டு, பத்து லட்சம் பேரின் மூலப் பதிவுகளையும் மறுபடி முதலிலிருந்து படிக்கவிட்டாள். அவளுடைய ‘ஆம்’ கடைசிச் சல்லடை மட்டும்தான். அதற்கு முன்பே அரிய எழுத்துகளைத் தானாகவே திருத்திவிடும் வேறு இரண்டு சல்லடைகள் இருந்தன. இம்முறை எதுவும் வேண்டாம் என்றாள். வேலை முடிய ஆறு நாள் ஆகும் என்று மரம் காட்டியது.

இதற்கிடையில் ஒரு குழு சவரித்துறைக்குப் போய் நாற்பது பேரிடம் எச்சில் எடுத்தது. ஒன்பது பேரிடம் ஜீன் உயிரோடு இருந்தது. குழுவில் யாரோ யாரிடமோ பேசியிருக்க வேண்டும். சனிக்கிழமை ஒரு மாலைப் பத்திரிகை ‘காளான் ரத்தம் ஓடும் ஊர்’ என்று தலைப்புப் போட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது எல்லார் ஃபோனிலும் இருந்தது. சந்தையில் அந்த ஊர்ப் பெண்களிடம் மீன் வாங்கத் தயங்கினார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்துபோனார்கள். ஜெர்லினின் தங்கை அனிஷாவுக்குத் திருச்சியில் நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் செய்து, பெண்ணுக்கு எச்சில் சோதனை செய்து காட்டினால்தான் மேற்கொண்டு பேசமுடியும் என்றார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு முடிவுகள் ஒன்றாக வந்தன.

முதலாவது, மருந்து சாப்பிட்ட நோயாளிகளுடையது. ஆஸ்பத்திரிகள் பாதுகாத்து வைத்திருந்த நாலாயிரத்து முந்நூறு மாதிரிகளையும் பார்த்தாயிற்று. ஒருவரிடம்கூட ஜீன் உயிரோடு இல்லை. நல்ல செய்திதான் என்று அவள் ஒதுக்கி வைத்தாள்.

இரண்டாவது, மரத்தினுடையது. சல்லடை இல்லாமல் பார்த்தபோது அந்தப் பதினொன்று மூவாயிரத்துச் சொச்சமாகியிருந்தது. ஆயிரத்துக்கு மூன்று பேர். எல்லா மாவட்டத்திலும், மலையிலும், நகரத்திலும், எல்லாச் சாதியிலும் மதத்திலும் இருந்தார்கள். சவரித்துறையில் தலைமுறைகளாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் எண்ணிக்கை கூடியிருந்தது, அவ்வளவே.

அவள் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஆயிரத்துக்கு மூன்று என்றால் நாலாயிரத்து முந்நூறு நோயாளிகளில் பன்னிரண்டு, பதின்மூன்று பேராவது இருந்திருக்க வேண்டும். ஒருவர்கூட இல்லை என்பது எப்படி?

ஜெர்லினுக்கு ஓர் இருமல்கூட வரவில்லை என்று ததேயுஸ் சொன்னதை அப்போதுதான் அவள் உண்மையிலேயே கேட்டாள்.

அடுத்த வாரமே ஆய்வகத்தில் அதை உறுதிசெய்தார்கள். அந்த என்சைம் கடைசியில் உண்டாக்கும் சாதுவான பொருளை வைத்துத்தான் பூஞ்சைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்கின்றன. அந்தப் பொருளின் வாசனை இருக்கும் இடத்தில் ஏற்கனவே தன் இனத்தார் குடியிருக்கிறார்கள், இடமில்லை என்று பூஞ்சை ஒதுங்கிப் போய்விடும். ஜெர்லினின் தொண்டையில் பிறந்ததிலிருந்தே அந்த வாசனை இருந்தது.

யாருக்கு அந்த மருந்து ஆபத்தோ அவர்களுக்கு அந்த நோயே வராது. நோயாளிகளுக்கு மருந்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். நிறுத்த வேண்டியது நன்றாக இருப்பவர்களுக்குக் கொடுப்பதை மட்டும்தான். முதல் தவணையில் மாத்திரை சாப்பிட்டவர்களை மறுபடி விசாரித்தபோது, வெவ்வேறு ஊர்களில் இன்னும் ஆறு பேருக்குக் காது போயிருந்தது தெரியவந்தது. ஒருவருக்கு வயசாகிவிட்டது என்றும் இன்னொருவருக்குச் சளி என்றும் எழுதியிருந்தார்கள்.

செண்பகவல்லி நிருபர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னாள். ஜீன் எல்லா ஊரிலும் இருக்கிறது என்றாள். பதினொரு பேர் கண்ணுக்குத் தெரிந்தும், பிழை என்று அழித்தது நான்தான் என்றாள். மறுநாள் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அவளை மரத்தின் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். சாவியை ஒப்படைத்துவிட்டு அவள் நாகர்கோவிலுக்கு ரயிலேறினாள்.

ஜெர்லினுக்கு முப்பத்துநாலு வயது. பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் ஃபோனை மேஜைமேல் சாய்த்து வைத்திருந்தாள். அனிஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் குரலின் அளவு தெரியாததால் ஜெர்லின் சத்தமாகப் பேசினாள்.

“நீங்க மெதுவா சொல்லுங்க மேடம். இது சில வார்த்தைய மாத்தி எழுதிரும்.”

செண்பகவல்லி மெதுவாகச் சொன்னாள். மூதாதை, பூஞ்சை, செத்த ஜீன், சாகாத ஜீன். ஜெர்லின் நர்ஸ் என்பதால் நிறைய விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அந்தக் காலையையும், அந்த ‘ஆம்’ என்ற பதிலையும் சொன்னாள்.

ஜெர்லின் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“அப்போ நாங்க பிழையாக்கும்.”

“இல்லம்மா. பிழை என்னுது.”

“ரெண்டு வருஷம் அந்த வார்டுல எனக்கு ஒண்ணும் வரல்ல. மாதா காப்பாத்துறான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்போ எனக்கு அந்த மாத்திரை தேவையே இருந்திருக்கல்ல. இல்லையா?”

“இல்லை.”

ஃபோன் அந்த ஒரு வார்த்தையைச் சரியாக எழுதியது. ஜெர்லின் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள். வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, கிளீனர் அதன் பக்கத்தைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள். யார் பேசினாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்பது செண்பகவல்லிக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். இப்போது கேட்டால் தன் பாரத்தை இவள் தலையில் இறக்கி வைப்பது போலாகும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

ஜெர்லின் திரும்பி வந்து ஃபோனை நிமிர்த்தினாள்.

“அந்தப் பதினோரு பேரு யாருன்னு தெரியுமா?”

“பேர் எழுதாமத்தான் மாதிரி சேகரிச்சாங்க. சட்டப்படி கண்டுபிடிக்க முடியாது.”

“அப்போ எல்லாரையும் கேளுங்க. இனிமே எந்த ஊர்லயும், எந்த ஆஸ்பத்திரியிலயும், எச்சில் பார்க்காம ஒருத்தருக்கும் அந்த மாத்திரை குடுக்கக் கூடாது. அதை நீங்க செய்யணும்.”

“நான் இப்போ பொறுப்புல இல்லம்மா.”

“பொறுப்புல இருந்தப்போதானே அழிச்சிய?”

அனிஷா தலையைக் குனிந்துகொண்டாள். செண்பகவல்லி, “செய்றேன்,” என்றாள்.

“இன்னொண்ணு. நீங்க இதைப் பத்திக் கட்டுரை எழுதுவீங்க. அந்த ஜீனுக்கு ஒரு பேரு வைப்பீங்க. எங்க ஊர் பேரை வைக்காதீங்க. எனக்க பேரும் வேண்டாம்.” தங்கையைக் காட்டினாள். “இவ இன்னும் வாழணும்.”

அந்தக் கட்டுரை எட்டு மாதம் கழித்து வந்தது. ஊர்ப் பெயர் கேட்டு இரண்டு இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. மூன்றாவது இதழ் பெயரில்லாமலே ஏற்றுக்கொண்டது. விசாரணைக் குழு செண்பகவல்லியைக் கண்டித்துவிட்டு, பதவி உயர்வை நிறுத்திவிட்டு, நிலையத்திலேயே இருக்கவிட்டது. மரத்தின் பக்கம் மட்டும் விடவில்லை. அவள் சோதனைப் பட்டை தயாரிக்கும் பிரிவில் சேர்ந்தாள். நாக்கில் வைத்தால், ஜீன் உயிரோடு இருப்பவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் நிறம் மாறும் பட்டை. பதினெட்டு வருஷத்துக்கும் மேல் கழித்து மறுபடி கையுறை மாட்டிக்கொண்டு வேலை செய்தாள். அரசு ஆணை வருவதற்குள் முப்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அவளே நேரில் போய் அந்தப் பட்டையைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஜெர்லினுக்குக் கோயம்புத்தூரில்தான் காதுக்குள் கருவி பொருத்தினார்கள். செல்கள் செத்துப்போன இடத்தைத் தாண்டி, ஒலியை மின்சாரமாக நேரே நரம்புக்குக் கொடுக்கும் கருவி. மூன்றாவது பரிசோதனைக்கு வந்தபோது, முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் அனிஷாவோடு நிலையத்துக்கு வந்து நின்றாள்.

கேன்டீனில் உட்கார்ந்தார்கள். ஜெர்லின் இப்போது அளவாகப் பேசினாள். பூஞ்சை வார்டுக்கே திரும்பிவிட்டதாகச் சொன்னாள். “எனக்கு அங்க பயம் இல்லையே. மத்த பிள்ளைகளுக்கு உண்டு. அதான் நானே கேட்டு வாங்கிட்டேன்.”

“அனிஷா கல்யாணம் என்ன ஆச்சு?” என்று செண்பகவல்லி தயங்கிக் கேட்டாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“திருச்சிக்காரங்க சோதனை கேட்டாங்கல்லா,” என்றாள் அனிஷா. “நானும் செஞ்சு அனுப்பினேன். எனக்கு அந்த ஜீன் இல்ல. அக்காவுக்கு வந்தது எனக்கு வரல. இருபது நாள் கழிச்சு, சரி, தேதி பார்க்கலாம்னு சொன்னாங்க.”

“நல்லது.”

“கேளுங்க. மாப்பிள்ளை அங்க ஒரு ஆஸ்பத்திரியில கணக்குப் பிரிவு. உங்க பட்டை வந்ததும் ஊழியர் எல்லாரையும் பார்த்திருக்காங்க. அவருக்கு நிறம் மாறிட்டு.”

செண்பகவல்லி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவரோட அம்மாவுக்கும் மாறிட்டு,” என்றாள் ஜெர்லின். “அந்த அம்மா வழியாத்தான் மகனுக்கு வந்திருக்கு.”

“இப்ப என்ன சொல்றாங்க?”

“போன வாரம் ஃபோன். ரெண்டு குடும்பத்துக்கும் இனி ஒரு வித்தியாசமும் இல்லையேன்னு.” அனிஷா முகத்தை நேராக வைத்துக்கொள்ள முயன்றாள். “யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“எவ்வளவு நாள் யோசிப்பே?”

“இருபது நாள்.”

சொல்லிவிட்டு அவளால் தாங்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெர்லின் காதின் பின்புறம் இருந்த கருவியைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு, தங்கையின் சிரிப்பைக் கவனமாகக் கேட்டாள்.

“எப்படிக் கேக்குது?” என்றாள் செண்பகவல்லி.

“தகரத்துல மணலைக் கொட்டுற மாதிரி.” ஜெர்லின் ஒரு கணம் யோசித்தாள். “முன்னாடியும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.”